பற்றும் பற்றாசும்

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுத்து முடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் நிட்டிங் யந்திரங்களின் இரைச்சல் ஓய்ந்து, தெருவெங்கும் ஒரு தளர்ந்த அமைதி பரவியிருக்கும் வேளையில்தான் நல்லூரில் பழுது பார்ப்பவர்களின் கடைகளுக்கு ஜனங்கள் வருகிறார்கள். 2011-ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டபோதிலும், தனக்கென்று ஓர் ஈசுவரன் கோயிலையும் தன் பழைய முகத்தை மறவாத பெரியவர்களையும் உடைத்தாயிருப்பதால் இன்னும் தனி ஊராகவே நினைக்கப்பட்டுவரும் இந்த நல்லூரில், காங்கயம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்திலே, ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்கிற அளவுக்கு இடுங்கிய ஒரு கடைக்கு, என் தகப்பனார் 1962-இல் வாங்கிய ஐந்து வால்வு ரேடியோவைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பின்பலகையின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே முதலில் கண்ணில் பட்டவை வால்வுகளும் அல்ல, கம்பிகளும் அல்ல, பஞ்சு. அறுபது வருஷங்களாக இந்த ஊரின் காற்றில் மிதந்து வந்த நூல்தூசி, வெள்ளையும் சாம்பலுமாக, குருவி கட்டிய கூட்டைப்போல டிரான்ஸ்பார்மரைச் சுற்றி மெத்தென்று படிந்திருந்தது.

“இந்த ஊர்ல எந்தப் பொட்டியத் தொறந்தாலும் மொதல்ல பஞ்சுதானுங்க வரும்” என்று சொல்லி, அவர் ஒரு பெயின்ட் பிரஷினால் அதைச் சுருட்டி எடுத்து மேசையோரத்தில் வைத்தார்.

நான் அங்கே போவதற்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் வீதியிலுள்ள பெரியவர் ஒருவர், வாரந்தோறும் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு கைவல்ய நவநீதத்துக்கு அர்த்தம் சொல்லுகிறவர், திண்ணையில் அந்தப் பெட்டியைக் கண்டு நின்றுவிட்டார். “ஏனுங்க, எழுவது வயசாச்சு. இருக்கறத ஒவ்வொண்ணா விடற காலத்துல, செத்துப்போன பொட்டிக்கு உசுரு குடுக்கப் போறீங்களாக்கும்?” என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. என்மீதுள்ள அக்கறையினால், எனக்கு நன்மையென்று அவர் நம்புகிற ஒன்றைக் கேட்டார். ஆகையால் அந்தக் கேள்வியை நான் எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. அழியும் வஸ்துவைச் செப்பனிட்டுச் செப்பனிட்டுக் காப்பாற்றுவது பற்றா, அல்லவா? அது பற்றேயானால், பற்றை விடுவதே வீட்டுக்கு வழி என்று நம் சாஸ்திரங்கள் ஒருமுகமாகச் சொல்லும்போது, பழுது பார்க்கும் தொழிலே ஆன்ம லாபத்துக்கு மாறானதொரு தொழில் ஆகிவிடாதா? இதை யோசித்துப் பார்க்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ரேடியோ எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு 1941-ஆம் ஆண்டிலேயே, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று அறிவித்தவர், அவருடைய யு. எம். எஸ். ரேடியோக்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் பெருமையாகப் பேசாத வீடு இல்லை. ஆனாலும் அந்த 70 ரூபாய் என் பாட்டனார் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருசேர இருந்ததில்லை. தகப்பனார் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதி, சிறுகச் சேர்த்து, இருபது வருஷம் கழித்து வேறு ஒரு கம்பெனியின் செட்டை வாங்கினார். தபாலாபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் பணம் கட்டி, அந்தச் சிறு புத்தகத்தைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைப்பார். கோவையில் அப்போது வானொலி நிலையம் இல்லை. அது 1966-இல்தான் வந்தது. திருச்சியும் சிலோனுமே எங்களுக்கு ஆகாசத்திலிருந்து இறங்கி வந்த ஊர்கள். பகலில் மங்கலாகக் கேட்ட திருச்சி, பொழுது சாய்ந்ததும் எவ்வாறு அத்தனை தெளிவாகிவிடுகிறது என்று நான் கேட்டதற்கு, ராத்திரியில் ஊர் உறங்குவதால் சத்தம் தடையில்லாமல் வருகிறது என்று என் அத்தை சொன்னாள். வானமண்டலத்தின் மேலடுக்கு ஒன்று பகலில் மத்திய அலைகளை விழுங்கிவிட, இருட்டியபின் அது கலைந்து, அதற்கும் மேலுள்ள அடுக்கு அவற்றைத் திருப்பி அனுப்புகிறது என்ற உண்மையைப் பிற்பாடு படித்தபோதும், அத்தை சொன்ன காரணத்தை என் மனம் விடவேயில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய யந்திரத்தைச் செப்பனிடுவதைப் பற்றித் தத்துவ விசாரம் செய்கிறவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு: உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால், மிஞ்சி நிற்பது அதே வஸ்துதானா? கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்து இதைக் கேட்டார்கள். பௌத்தர்களின் மிலிந்த பஞ்ஹத்தில் நாகசேனர், மிலிந்த ராஜன் ஏறிவந்த தேரையே அவனுக்குக் காட்டி, சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகத்தடி தேரா என்று கேட்டு அவனை மடக்குகிறார். நல்ல கேள்விதான். ஆனால் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பவனுக்கு இது அவ்வளவு பெரிய கேள்வியாகத் தோன்றுவதில்லை. கன்டென்சரை மாற்றிய கடைக்காரருக்கோ, மாற்றித்தரச் சொன்ன எனக்கோ, இது என் தகப்பனாருடைய ரேடியோதான் என்பதில் ஒரு கணமும் சந்தேகம் எழவில்லை. எங்கள் சரீரத்தில் பிறந்தநாள் முதல் எத்தனை மாறியிருக்கிறது என்பதை அறிந்தும், நான் நானே என்பதில் சந்தேகம் எழாததைப் போல. ஆகவே அதை அறிஞர்களிடம் விட்டுவிட்டு, பெரியவர் கேட்டதையே எடுத்துக்கொள்கிறேன். அதுவே என்னை உறங்கவிடாமல் செய்தது.

கீதையில் பகவான் சரீரத்தை ஜீர்ணமான வஸ்திரத்துக்கு ஒப்பிட்டிருக்கிறார். நைந்துபோன ஆடையைக் களைந்து மனிதன் புது ஆடையை உடுத்துவதுபோல, ஆன்மா நைந்த சரீரத்தை விட்டு வேறொன்றை அடைகிறது என்பது உபதேசம். ஆடையே தொழிலாகவும் ஆடையே பேச்சாகவும் இருக்கிற இந்த ஊரில், அந்த உவமையைக் கேட்டிராதவர்கள் மிகச் சிலர். ஆனால் களையப்பட்ட ஆடை அப்புறம் என்னவாகிறது என்பதை உலகத்தில் மற்ற ஊராரைக் காட்டிலும் திருப்பூர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். வெட்டில் கழிந்த துணியும், கோடு விழுந்து ஒதுக்கப்பட்ட துணியும் மூட்டை மூட்டையாக ‘வேஸ்ட்’ என்ற பெயரில் விலைபோய், யந்திரம் துடைக்கும் துணியாக எண்ணெய்க் கைகளுக்குச் சேருகின்றன. அன்று கடைக்காரர் என் ரேடியோவின் சட்டத்தைத் துடைத்ததும் அப்படியொரு பனியன் துணிதான். கழுத்துப் பட்டி தைத்தபடியே இருந்தது. யாரோ அணிவதற்காகப் பின்னப்பட்டு, யார் உடம்பையும் தொடாமலே ஒதுக்கப்பட்டது. ஒரு சிறுமிக்கு முகம் துடைத்துவிடுவதுபோல அவர் அந்தத் துணியின் ஒரு முனையை விரலில் சுற்றிக்கொண்டு, வால்வுகளின் கழுத்தைச் சுற்றித் துடைத்தார்.

களைவதும் துறப்பதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கிற்று. பழையதை எறிந்துவிடுகிறவன் பற்றற்றவன் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். எறிகிறவன் பெரும்பாலும் புதியதன்மேல் கொண்ட ஆசையினால்தான் எறிகிறான். அவனுடைய பற்று அறுபடவில்லை, இடம் மாறியிருக்கிறது. நானும் முதலில் நகரத்திலுள்ள ஒரு பெரிய கடைக்குத்தான் போனேன். அங்கே பெட்டியைத் திறந்தும் பாராமல், “இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் கெடைக்காதுங்க, புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க” என்று, மிகுந்த மரியாதையோடு, ஒரு புதிய பெட்டியை எனக்குக் காட்டினார்கள். அந்த விற்பனையாளர் என்னை வைராக்கியத்துக்குத் தூண்டினார் என்று எவரும் சொல்லமாட்டார்கள். தவிரவும், எறியப்பட்ட வஸ்து உலகத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. சாயச்சாலைக் கழிவை நொய்யலில் விட்டுவிட்டு அது போய்விட்டதாக இந்த ஊர் பல வருஷம் நினைத்திருந்தது. அது ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தங்கி, கீழ்ப்புறத்துக் குடியானவர்களின் கிணறுகளில் உப்பாக ஏறி, கடைசியில் 2011-இல் உயர்நீதிமன்றத்தின் உத்தரவினால் சாயச்சாலைகளே மூடப்பட்டபோது, எறிந்ததெல்லாம் எங்கே போயிற்று என்பது எல்லாருக்கும் பிரத்தியட்சமாயிற்று. பழைய டெலிவிஷனின் பிக்சர் டியூபிலும் கண்ணாடியோடு ஈயம் கலந்திருக்கிறது. அதைக் குப்பைமேட்டில் உடைத்துப் போடுகிறவனை ஒரு பாரத்தை இறக்கிவைத்தவன் என்று சொல்வதற்கில்லை. தன் பாரத்தை வேறொருவன் தலையில் வைத்தவன் என்றே சொல்லவேண்டும்.

இனி, செப்பனிடுகிறவன் செய்வதென்ன என்பதைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும்.

இருபது வருஷம் மௌனமாயிருந்த ரேடியோவைக் கொண்டுவந்தவுடன் சுவரில் செருகிவிடக்கூடாது என்பதுதான் அவர் முதலில் சொன்னது. மின்சாரத்தைத் தேக்கிச் சமன்செய்யும் பெரிய கன்டென்சருக்குள்ளே அலுமினியத் தகட்டின்மேல் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டு. அந்தப் படலமே அதன் உயிர். பெட்டி உபயோகத்தில் இருக்கும்வரையில் மின்சாரமே அந்தப் படலத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. உபயோகமின்றிக் கிடந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது. அந்த நிலையில் முழு மின்சாரத்தையும் ஒரேயடியாகப் பாய்ச்சினால் கன்டென்சர் சூடேறி வெடிக்கும்; கூடவே டிரான்ஸ்பார்மரும் போகும். ஆகையால் அவர் ஒரு நூறு வாட் பல்பை வழியில் இணைத்து, அதன் மூலமாகப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். சீரீஸ் பல்பு என்று அதற்குப் பெயர். உள்ளே எங்காவது கோளாறிருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து, ஆபத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு தரம் ஒளிர்ந்துவிட்டு மங்கிவிடும். அன்று பல்பு மங்கவில்லை. பிரகாசமாகவே நின்றது. “உள்ள ஷார்ட்டுங்க. கன்டென்சரு காஞ்சு போச்சு” என்றார். உபயோகத்தினால் தேய்வதை நாம் அறிவோம். உபயோகமில்லாமையினால் அழிகிறவையும் உண்டு என்பதை நான் அந்தப் பல்பின் வெளிச்சத்தில்தான் உணர்ந்தேன். போர்வை போர்த்திப் பத்திரமாக மூடி வைத்திருந்தேனே, அதுவே அந்தப் பெட்டிக்கு நான் செய்த தீங்கு. பெரியவர் சொன்ன பற்று என்னிடத்தில் இருந்தது உண்மையென்றால், அது இந்த இருபது வருஷத்தில்தான் இருந்தது: தொடாமல், திறக்காமல், ‘அப்பாவுடையது’ என்று மூடி வைத்திருந்த காலத்தில். செப்பனிடக் கொண்டுபோன அன்று அது தளரத் தொடங்கிற்று.

கன்டென்சரைக் கழற்றியபின் செம்புத் தகட்டில் பச்சையாக ஏறியிருந்த களிம்பை அவர் ஒரு சிறு கத்தியினால் சுரண்டினார். சைவ சித்தாந்தம் கற்றவர்களுக்கு அந்தக் காட்சி ஒரு திடுக்கிடலைத் தரும். ஆன்மாவோடு அநாதியாகவே கூடியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சித்தாந்த சாஸ்திரங்கள் சொல்லும் உவமை, செம்பிலுள்ள களிம்பு. நெல்லுக்கு உமிபோல, செம்புக்குக் களிம்பு இடையில் வந்து ஒட்டியதல்ல, உடன் தோன்றியது என்பது அவர்கள் கருத்து. ரசாயன சாஸ்திரம் படித்தவர்கள், களிம்பு காற்றாலும் ஈரத்தாலும் வெளியிலிருந்தே வருகிறது என்று சொல்லுவார்கள். உவமை எல்லா அம்சத்திலும் பொருந்தவேண்டியதில்லை என்றாலும், நான் கண்ட அளவில், இரண்டும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: ஒருமுறை சுரண்டியதோடு அது முடிகிறதில்லை. சுரண்டிய இடம் பளபளவென்று தெரிந்த அந்தக் கணத்திலிருந்தே மறுபடி மங்கத் தொடங்குகிறது. ஆகையால், சுரண்டிய கையோடு காலதாமதமின்றி ஈயம் வைத்துவிட வேண்டும் என்கிறார் அவர்.

ஈயம் வைப்பது, பற்ற வைப்பது என்றெல்லாம் நாம் சொல்லும் இந்தக் காரியத்துக்குப் பழைய தமிழில் ஒரு பெயருண்டு. உலோகங்களை இணைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்று பெயர். பற்று என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒட்டுதல், பிடித்தல், ஆசைவைத்தல், நெருப்பு மூளுதல் எல்லாம் நமக்கு ஒரே ‘பற்றுதல்’தான். பெரியவர் கண்டித்த பற்றும் கடைக்காரர் உருக்கிய பற்றாசும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் மனத்தில் பட்டதும், பாதி விடை கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஏனென்றால் பற்றாசு பிடிப்பதற்குச் சில நியமங்கள் உண்டு. இடம் சுத்தமாக இருக்கவேண்டும். ஈயத்தை மட்டும் காய்ச்சி ஊற்றினால் போதாது. இணைய வேண்டிய செம்பும் அதே சூட்டை அடையவேண்டும். அறுபத்துமூன்று பங்கு வெள்ளீயமும் முப்பத்தேழு பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் உருகிவிடுகிறது. செம்பு உருகுவதற்கோ ஆயிரத்து எண்பது டிகிரிக்கு மேல் வேண்டும். செம்பு தன் உருவத்தை இழப்பதில்லை. ஆனாலும் இரண்டும் சந்திக்கும் விளிம்பில், செம்பும் அல்லாத, ஈயமும் அல்லாத ஒரு நுண்ணிய படலம் உண்டாகி, அதுவே இரண்டையும் பிணைக்கிறது. சூடு போதாமலோ, அழுக்கின்மேலோ, இறுகும்போது கை நடுங்கியோ வைத்தால், பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து உள்ளே ஒட்டாமல் நின்றுவிடும். டிரை சோல்டர் என்று அதைச் சொல்லுவார்கள். பெட்டி குளிர்ந்திருக்கும்போது பாடும், சூடேறினால் நின்றுவிடும், மேலே ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி பாடும். பழுதுகளுக்குள் கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான் என்கிறார் அவர். மனிதருக்குள்ளும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. நாம் பற்று என்று பெயர் வைத்து அஞ்சுவதில் பெரும்பகுதி, உண்மையில் இந்த டிரை சோல்டர்தான்: வஸ்துவை உடைமையாக வைத்திருக்கிறோம், வஸ்துவோடு சேரவில்லை.

துறவதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் பற்றை விடு என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. விடுவதற்காகவே ஒன்றைப் பற்றிக்கொள்ளச் சொன்னார். எதைப் பற்றுவது என்பதும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது, அது ரேடியோ அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் பற்றென்பது தன்னளவில் குற்றமாக இருந்திருந்தால், அந்தச் சொல்லையே அவர் மருந்தாகவும் எடுத்திருக்க மாட்டார்.

இதற்கு நம் கோயில்களே சாட்சி. ஜீர்ணம் என்ற அதே வடசொல்லிலிருந்துதான் ஜீர்ணோத்தாரணம் என்ற பெயர் வந்திருக்கிறது. சிதிலமானதை மேலே எடுத்தல் என்று பொருள். பரம்பொருள் அழிவற்றவன் என்று நிச்சயமாக அறிந்தவர்களே, அவனுக்கு எடுத்த கோயில் அழியும் என்பதையும் அறிந்து, அதைச் செப்பனிடும் முறையை ஆகமத்தில் வகுத்து வைத்தார்கள். திருப்பணி தொடங்குமுன் மூலஸ்தானத்திலுள்ள சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் வைத்து, நித்திய பூஜை தவறாமல் நடத்திக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். மூர்த்தியைப் பீடத்தோடு இணைக்கும் அஷ்டபந்தனம் இருக்கிறதே, கொம்பரக்கும் குங்கிலியமும் சுக்கான்கல்லும் கற்காவியும் செம்பஞ்சும் சாதிலிங்கமும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் சேர்த்து இடித்தெடுக்கும் அந்த மருந்து, அதுவும் ஒரு பற்றாசுதான். தெய்வத்துக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள பற்றாசு. அதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆயுள் என்று வைத்து, அது தளரும்போது மறுபடி சாத்திக் கும்பாபிஷேகம் செய்கிறார்கள். என்றென்றைக்கும் தளராத மருந்தைக் கண்டுபிடிக்க நம் ஸ்தபதிகளுக்குச் சாமர்த்தியம் இல்லாமற் போயிற்று என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தலைமுறை கூடி வந்து, தன் கையால் இடித்து, தன் கையால் சாத்தவேண்டும் என்பதே அதன் தாத்பரியமாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அப்பர் பெருமானை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் சமய உலகத்தில் பராமரிப்பை வழிபாடாகவே செய்தவர் அவர். கையில் உழவாரத்தை ஏந்தி, ஊர் ஊராகச் சென்று, கோயில் பிராகாரங்களில் முளைத்த புல்லைச் செதுக்கினார். புல் மறுபடி முளைக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். திருப்புகலூரில் அவர் அப்படிச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, உழவாரம் பட்ட இடமெல்லாம் பருக்கைக் கற்களோடு பொன்னும் மணியும் விளங்கின என்றும், அவர் பொன்னையும் கல்லையும் ஒன்றாகவே பாவித்து, இரண்டையும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் கூறுகிறார். இந்த வரலாற்றை நான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு செயல்களும் ஒரே கையால், ஒரே கருவியால் செய்யப்பட்டவை என்பதை இப்போதுதான் கவனித்தேன். பொன்னை எறிந்த அந்த உழவாரம்தான் புல்லைச் செதுக்கிற்று. பற்றற்றவராக இருந்தமையால் அவர் வேலையை விட்டுவிடவில்லை. வேலையில் இருந்தமையால் பொன்மேல் பற்று வைக்கவுமில்லை. பெரியவருக்கு நான் சொல்லவேண்டிய விடையை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல இயலாது.

ஆனாலும் நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் என்றென்றைக்கும் செப்பனிட்டுக்கொண்டே இருக்கமுடியாது. அப்படிப் பிடிவாதம் பிடிப்பது பெரியவர் சொன்ன பற்றாகவே முடியும். அதை எனக்குக் காட்டியவரும் கடைக்காரர்தான். நான் இருந்தபோதே ஒருவர் பழைய பிக்சர் டியூப் டெலிவிஷன் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பின்புறத்தைத் தொடுமுன், கடைக்காரர் நீண்ட திருப்புளி ஒன்றைச் சட்டத்தோடு ஒரு கம்பியால் இணைத்து, டியூபின் பக்கத்திலுள்ள ரப்பர் மூடிக்கடியில் செலுத்தினார். ‘சடக்’கென்று ஒரு பொறி. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம், சுவிட்சை அணைத்தபின்னும் அந்தக் கண்ணாடிக்குள் தங்கியிருக்குமாம். குயவன் கையை எடுத்தபின்னும் சக்கரம் சுற்றுவதைப் பிராரப்தத்துக்கு வேதாந்திகள் உவமை சொல்லுவார்கள்; அவர்கள் காலத்தில் டெலிவிஷன் இருந்திருந்தால் இதையும் சொல்லியிருப்பார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு அவர், “டியூபு வீக்குங்கண்ணா. ஏத்திவுட்டா ரெண்டு மாசம் நல்லா தெரியும், அப்புறம் ஒரேயடியாப் போயிரும். வேண்டாமுங்க, விட்டுருங்க” என்றார். காசு வரக்கூடிய வேலையை அவர் வேண்டாமென்றார். அதிலிருந்த நல்ல ஸ்பீக்கரையும் டிரான்ஸ்பார்மரையும் மட்டும் கழற்றிக்கொண்டு, அவற்றுக்கு உரிய விலையைக் கொடுத்து அனுப்பினார். எது வரையில் காப்பது, எப்போது விடுவது என்கிற விவேகம், தினந்தோறும் காக்கிறவனுக்குத்தான் வருகிறது. ஒருநாளும் திறந்து பாராதவனுக்கு அந்த விவேகம் வர வழியில்லை.

அவருடைய கடை அலமாரியில் பெல்ட் தார்போல இளகிப்போன டேப் ரிக்கார்டர்களும், இரண்டு வீடியோ டெக்குகளும் இருந்தன. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி உலகத்துக்குத் தந்த கேஸட்டுக்கு இன்னும் அவரிடம் வாடிக்கையாளர்கள் உண்டு. வீடியோ டெக்கை உலகத்தில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனி 2016-ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. அன்றுமுதல் அந்த வஸ்துவுக்குச் சிருஷ்டி இல்லை. ஸ்திதி மட்டுமே உண்டு, அதுவும் இப்படிப்பட்ட சந்துக்கடைகளில் மட்டுமே உண்டு. படைக்கும் தொழிலுக்கும் அழிக்கும் தொழிலுக்கும் பெரிய பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. காக்கும் தொழிலைச் செய்கிறவர்கள் ஒருவர் நின்றால் மற்றவர் உட்காரவேண்டிய கடைகளில் இருக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அவர்களிடம் தொழில் பழக வருகிற பையன்கள் இல்லை என்பது அதைவிட வருத்தம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லியிருந்தார். புதிய கன்டென்சர்களைப் பழைய அட்டைக்குழல்களின் இடத்தில் வைத்து, காகிதக் கன்டென்சர் எட்டையும் மாற்றி, சீரீஸ் பல்பின் மூலமாகவே மறுபடி மின்சாரம் கொடுத்தார். பல்பு ஒருமுறை ஒளிர்ந்தது; பிறகு சிவந்து, மங்கி, கம்பியின் நிறம் மட்டும் தெரியும் அளவில் நின்றது. இருவரும் பேசவில்லை. வால்வுகள் சூடேற அரை நிமிஷம் ஆயிற்று. டயலுக்கு மேலுள்ள மந்திரக்கண் முதலில் ஒன்றும் காட்டாமல், பிறகு இளம்பச்சையாக, கிணற்றுக்குள் தெரியும் வானத்தைப்போல விரிந்தது. நொடிக்கு நூறு அதிர்வாக இருந்திருக்க வேண்டிய பழைய ஹம்மிங் இல்லை. முள்ளைத் திருப்பியபோது நிலையங்களுக்கு இடையிலுள்ள அந்தச் ‘சோ’வென்ற ஓசை மட்டும் கேட்டது. என் அத்தை ஊர் உறங்கும்வரையில் காத்திருக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. மணி காலை பதினொன்றுதான் ஆகியிருந்தது.

பின்பலகையை மூடுமுன் அவர் அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பலகையில் பென்சிலால் இரண்டு தேதிகள் இருந்தன: 12-5-74, 3-11-91. இரண்டும் வேறு வேறு கையெழுத்து. இரண்டாவதற்குப் பக்கத்தில் ‘ரெக்டி. வால்வு’ என்று ஒரு குறிப்பு. நான் அவற்றை அதுவரையில் பார்த்ததே இல்லை.

“இது எத்தன வருசம் தாங்குமுங்க?” என்று கேட்டேன்.

“சூடு இல்லாம வெச்சுக்கிட்டாப் பத்துப் பன்னெண்டு வருசம் ஓடுமுங்கய்யா. தெனமும் கொஞ்ச நேரம் போடோணும், மூடி வெக்காதீங்க. அப்புறம் மறுக்கா மாத்தோணும்.”

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, முந்தின இரண்டுக்கும் கீழே அன்றைய தேதியை எழுதினார். ‘கன்டென்சர் முழுசும்’ என்று சேர்த்தார். அதற்குக் கீழே இன்னும் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது.